பல் டாக்டர்கிட்ட போக பயமா இருக்கா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சொத்தைப்பல் பத்தி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸப் மெசேஜ் எல்லாத்துலயும் பல்லை விட பயம்தான் அதிகமா இருந்தது. "என்ன பண்ணணும்னு தெரியுது டாக்டர், ஆனா வர பயமா இருக்கு"ன்னு அத்தனை பேர் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்குத்தான்.

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 36 வயசு. எட்டாவது படிக்கறப்ப ஒரு கடவாய்ப்பல் புடுங்க அப்பா கூட்டிட்டு போனார். ஊசி போட்டும் மரத்துப்போகல, வலிக்குதுன்னு கத்தினேன், நர்ஸ் தலையை புடிச்சுக்கிட்டாங்க, அப்பா கையை புடிச்சுக்கிட்டார், அப்படியே புடுங்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் பல் டாக்டர் பக்கமே போனதில்ல. இப்ப வலது பக்கம் கீழ் கடவாய்ப்பல் பெரிய ஓட்டையா இருக்கு, இடது பக்கமாவே மென்னு சாப்புடறேன், வலி வந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டுக்கறேன். வீட்டுக்காரர் அப்பாயின்ட்மென்ட் வாங்கி குடுத்து கிளினிக் வாசல் வரைக்கும் போனேன், உள்ள அந்த மெஷின் சத்தம் கேட்டதும் திரும்பி வந்துட்டேன். ரெண்டு புள்ள பெத்தவ இதுக்கு பயப்படறியேன்னு கேக்கறாங்க, வெக்கமா இருக்கு. முழு மயக்கம் குடுத்து செஞ்சுட முடியுமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல்ல அந்த வெக்கத்தை விடுங்கம்மா. பெரிய ஆபரேஷன் எல்லாம் பண்ணிக்கிட்டவங்க, போலீஸ்ல இருக்கறவங்க எல்லாம் என் சேர்ல உக்காந்து கைப்பிடியை வெரல் வெளுக்கற அளவுக்கு இறுக்கி புடிச்சுக்கறதை பாக்கறேன். பாதி படுத்த மாதிரி இருக்கோம், வாய் திறந்திருக்கு, பேச முடியாது, உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்கு தெரியாது, முகத்துக்கு கிட்ட ஒருத்தர் ஊசியோட நிக்கறாங்க, இதுல பயம் வரத்தான் செய்யும். உங்க விஷயத்துல அதுக்கும் மேல ஒண்ணு நடந்திருக்கு. ஒரு சின்ன பொண்ணு வலிக்குதுன்னு சொன்னா நிறுத்தணும், நிறுத்தாம புடிச்சு வெச்சு பண்ணியிருக்காங்க. அதுல உங்க தப்பு துளி கூட கிடையாது.

அன்னிக்கு ஏன் மரத்துப்போகலங்கறது உங்களுக்கு தெரிஞ்சாகணும், ஏன்னா அதுலதான் இப்ப என்ன பண்ணணும்ங்கறதும் இருக்கு. நம்ம ஊர்ல பல்லுக்குன்னு டாக்டர்கிட்ட போறதே ராத்திரி தூக்கம் போயி கன்னம் வீங்கினப்புறம்தான், குழந்தையையும் அப்பத்தான் தூக்கிட்டு ஓடுவாங்க, உங்களையும் அப்படித்தான் கூட்டிட்டு போயிருப்பாங்கன்னு நினைக்கறேன். நாங்க போடற மருந்து லிக்னோகெயின், 1943-ல சுவீடன்ல உருவாக்கினது, இன்னிக்கு வரைக்கும் உலகம் முழுக்க பல் டாக்டருங்க நம்பி போடறது. ஆனா சீழ் புடிச்ச இடத்துல அமிலத்தன்மை கூடியிருக்கும், அங்க இந்த மருந்து நரம்புக்குள்ள சரியா எறங்காது, நரம்பும் ஏற்கனவே அழற்சியில துடிச்சுக்கிட்டு இருக்கும். அதனாலதான் எவ்வளவு ஊசி போட்டாலும் வலி தெரிஞ்சிருக்கும். அப்படிப்பட்ட பல்லுக்கு கொஞ்சம் தள்ளி நரம்பு கிளம்பற இடத்துல போடணும், பத்தலன்னா பல்லை சுத்தி இன்னொரு ஊசி போடணும், இல்லன்னா சீழை வெளியேத்தி வீக்கம் வத்த விட்டு வேற நாள் பண்ணணும். இதெல்லாம் செய்யறதுக்கு வழி இருக்கு.

இதுலேர்ந்து நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், வலி இல்லாத நாளா பாத்து போங்க. பயத்துனால தள்ளி போட்டு தள்ளி போட்டு கடைசில தாங்க முடியாம போறப்பதான் ஊசி சரியா கேக்காது, அப்ப வலிக்கும், "பாத்தியா நான் சொன்னேன்ல"ன்னு பயம் இன்னும் கெட்டியாயிடும். இப்ப உங்க பல்லு வலிக்காம இருந்தா இந்த வாரமே போகலாம். ஒருவேளை வலி தானா நின்னுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, உள்ள இருக்கற நரம்பு செத்துப்போனாலும் வலி நிக்கும், அதுக்கப்புறம் வேர் நுனியில சீழ் கட்ட ஆரம்பிக்கும். மெடிக்கல் மாத்திரையையும் நம்பாதீங்க. ஆன்டிபயாடிக் ரத்தத்துல போற மருந்து, செத்த நரம்புக்குள்ள ரத்த ஓட்டமே இல்ல, அப்புறம் எப்படி அங்க போய் வேலை செய்யும்? வீக்கத்தை கொஞ்ச நாள் அடக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரையை அடிக்கடி வெறும் வயித்துல போட்டா வயித்துல புண்ணு வரும், கிட்னிக்கும் நல்லதில்ல.

இப்ப எப்படி போறதுன்னு பாப்போம். நேரா கிளினிக்குக்கு போகாதீங்க, முதல்ல போன் பண்ணுங்க. "சின்ன வயசுல ஒரு தடவை மரத்துப்போகாம பல்லு புடுங்கிட்டாங்க, அதுலேர்ந்து எனக்கு ரொம்ப பயம், முதல் நாள் பாத்து சொன்னா போதும், ஒண்ணும் செய்ய வேணாம்"னு இதையே அப்படியே சொல்லுங்க. வீட்டுக்காரரை பேச சொன்னாலும் சரி. போன்லயே அலுத்துக்கறாங்களா, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல வாங்க"ன்னு அவசரமா வெக்கறாங்களா, அந்த இடம் வேணாம், வேற பாருங்க. பொறுமையா கேட்டு "சரி, வாங்க பேசலாம்"னு சொல்ற இடமா போங்க. காலையில முதல் ஆளா டைம் கேளுங்க, வெயிட்டிங் ஹால்ல உக்காந்து அடுத்தவங்க மெஷின் சத்தத்தை கேட்டுக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. நல்லா டிபன் சாப்புட்டு போங்க.

முதல் நாள் பேச்சு, ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதான். எவ்வளவு செலவாகும், எத்தனை தடவை வரணும்னு அன்னிக்கே கேட்டு எழுதி வாங்கிக்கங்க, நிறைய பேருக்கு பயத்தோட பாதி காசு பத்தின கவலையாத்தான் இருக்கு. தனியார்ல கட்டுப்படி ஆகலன்னா மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கு. சென்னைல இருக்கறவங்களுக்கு கோட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல 1953-லேர்ந்து நடக்கற அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க எல்லா பிரிவும் இருக்கு, கூட்டம் மட்டும் இருக்கும், நேரம் எடுத்துக்கிட்டு போகணும்.

அடுத்த தடவை சேர்ல உக்காந்ததும் டாக்டர்கிட்ட ஒரு சைகை பேசி வெச்சுக்கங்க, இடது கையை தூக்கினா உடனே நிறுத்தணும்னு. வலியே இல்லன்னாலும் ஒரு தடவை சும்மா தூக்கி பாருங்க, நிறுத்தறாங்களான்னு. நிறுத்தினாங்கன்னா உங்க மனசு அந்த எட்டாம் கிளாஸ் நாள்லேர்ந்து கொஞ்சம் வெளிய வரும், இதை நான் கண்ணால பாத்திருக்கேன், தோள்பட்டை அப்படியே எறங்கும்.

ஊசி விஷயத்தை மறைக்காம சொல்லிடறேன். முதல்ல ஈறுல மரத்துப்போற ஜெல் தடவுவாங்க, ஒரு ரெண்டு நிமிஷம் விடணும், சிலர் உடனே குத்திடறாங்க, "ஜெல் கொஞ்ச நேரம் இருக்கட்டும் டாக்டர்"னு நீங்களே கேக்கலாம். குத்தறது பெருசா தெரியாது, மருந்தை வேகமா ஏத்தறதுதான் வலிக்கும், அதனால மெதுவா ஏத்த சொல்லுங்க. மேல் அண்ணத்துல போடற ஊசி சுருக்குன்னு இருக்கும், அது உண்மை, உங்களுக்கு கீழ்ப்பல்லுங்கறதால அது வராது. போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், மருந்தோட சேத்து இருக்கற அட்ரினலின் அது, ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும், பயந்து போயி "எனக்கு என்னமோ ஆகுது"ன்னு நினைக்க வேணாம். கீழ் தாடைக்கு மரத்துப்போக அஞ்சு நிமிஷம் ஆகும், பாதி உதடு வீங்கின மாதிரி கனமா தோணும், கண்ணாடில பாத்தா ஒண்ணும் வீங்கியிருக்காது. உதடு கனமாகாம டாக்டர் ஆரம்பிச்சா கையை தூக்குங்க. மரத்தப்புறமும் அழுத்தறது, ஆட்டறது, தண்ணி படறது எல்லாம் தெரியும், கூர்மையா சுருக்குங்கற வலி மட்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சா இன்னொரு ஊசி போடுவாங்க.

மெஷின் சத்தம், அந்த கீச்சுனு வர்றது. அது நிமிஷத்துக்கு மூணு நாலு லட்சம் சுத்து சுத்தற கருவி, அவ்வளவு வேகமா சுத்தறதாலதான் கை அழுத்தம் இல்லாம பூப்போல வேலை முடியுது. சத்தம் எலும்பு வழியாவும் காதுக்குள்ள வர்றதால ஹெட்போன் போட்டாலும் முழுசா போகாது, ஆனாலும் புடிச்ச பாட்டோ பட்டிமன்றமோ ஓடிக்கிட்டு இருந்தா மனசு அதுல போகும். உங்க பல்லுக்கு ரூட் கெனால், அதாவது உள்ள கெட்டுப்போன நரம்பை எடுத்து சுத்தம் பண்ணி அடைக்கற சிகிச்சை, தேவைப்பட்டாலும் அதுல மெஷின் ஓடறது ஆரம்பத்துல கொஞ்ச நேரம்தான், அதுக்கப்புறம் ஃபைல்ங்கற மெல்லிசான சின்ன அரம் வெச்சு சுத்தம் பண்றதுதான் பெரும்பாலான வேலை. அந்த கிளினிக் வாசனை கூட சிலருக்கு வயித்தை கலக்கும், அது பல நேரம் கிராம்பு எண்ணெய்ல இருக்கற யூஜினால்தான், பல் அடைக்கற மருந்துல சேப்பாங்க, உங்க சமையக்கட்டுல இருக்கற அதே கிராம்பு.

முழு மயக்கம் கேட்டிருந்தீங்க. முடியும், ஆனா அதுக்கு மயக்க டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், பட்டினி இருக்கறது எல்லாம் வேணும், ஒரு பல்லுக்காக அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். நடுவுல ஒரு வழி இருக்கு, சிரிப்பு வாயுன்னு சொல்ற நைட்ரஸ் ஆக்சைடு. மூக்குல மாஸ்க் வெச்சு ஆக்சிஜனோட கலந்து குடுப்பாங்க, முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க, சொல்றது கேக்கும், பதட்டம் மட்டும் எறங்கிடும், நிறுத்தின கொஞ்ச நிமிஷத்துல தெளிஞ்சிடும். 1844-ல ஹோரஸ் வெல்ஸ்ங்கற அமெரிக்க பல் டாக்டர் இதை சுவாசிச்சுட்டு தன்னோட பல்லையே புடுங்க வெச்சு பாத்தார், அப்பலேர்ந்து இருக்கற விஷயம். பெரிய ஊர்கள்ல சில கிளினிக்ல இருக்கு, போன் பண்றப்பவே கேளுங்க. தூக்க மாத்திரை, பதட்ட மாத்திரை எதையும் நீங்களா வாங்கி போட்டுக்கிட்டு வராதீங்க.

இவ்வளவும் பண்ணியும் வாசலை தாண்ட முடியலன்னா மனநல ஆலோசகர்கிட்ட சில தடவை பேசினா நல்லாவே குறையுது, இந்த மாதிரி குறிப்பிட்ட ஒரு விஷயத்து மேல வர்ற பயத்துக்கு அந்த சிகிச்சை ரொம்ப நல்லா கேக்கும். எங்க போறதுன்னு தெரியலன்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. தாடைக்கு அடியில வீங்கி, வாய் திறக்க முடியாம, எச்சி முழுங்க கஷ்டமா, மூச்சு விட சிரமமா இருந்தா அன்னிக்கு பயத்தை பத்தி யோசிக்கவே கூடாது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடணும், அது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: எங்கப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு, ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்புடறார். மேல்பல் ரெண்டு ஆடுது, ஈறுல சீழ் வருது. "மேல்பல் புடுங்கினா கண்ணு போயிடும்"னு அடம் புடிக்கறார், ரத்தம் நிக்காம செத்துப்போயிடுவேன்னும் பயப்படறார். – வாசகர், கடலூர்

பதில்: கண்ணு போயிடும்ங்கறதை கேக்காத நாளே இல்ல தம்பி. பல்லுக்கு போற நரம்பு வேற, பார்வைக்கு போற நரம்பு வேற, ரெண்டும் மூளையிலேர்ந்து தனித்தனியா கிளம்புது. பல்லு விழற அதே வயசுலதான் கண்புரையும் வருது, சுகர் இருந்தா விழித்திரையும் கெடுது, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு நடந்ததும் இதனாலதான் அதுன்னு ஊர்ல முடிச்சு போட்டுட்டாங்க. அப்பாகிட்ட இதை வாக்குவாதமா பேசாதீங்க, அவருக்கு தெரிஞ்சவங்கள்ல மேல்பல் எடுத்து இன்னிக்கும் பேப்பர் படிக்கறவங்க யாராவது நிச்சயமா இருப்பாங்க, அவங்களை வீட்டுக்கு வந்து பேச சொல்லுங்க. நான் சொல்றதை விட அது கேக்கும். உண்மையில மேல்பல்லுல சீழை விட்டு வெக்கறதுதான், அபூர்வமா, கண்ணுக்கு பின்னாடி வரைக்கும் பரவக்கூடியது.

ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை தயவு செஞ்சு நீங்களா நிறுத்திடாதீங்க, பல்லு எடுக்கணும்னு அஞ்சு நாள் நிறுத்திட்டு வந்து நிக்கறவங்க இருக்காங்க, நெஞ்சுல அடைப்பு வந்துட்டா என்ன பண்றது? பல்லு எடுத்த இடத்து ரத்தம் நம்ம கைக்கு எட்டற இடத்துல இருக்கு, பஞ்சு வெச்சு அழுத்தலாம், தையல் போடலாம், மருந்து வெக்கலாம். ஹார்ட் டாக்டரோட சீட்டை எடுத்துட்டு போங்க, ரெண்டு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். காலையில சாப்புட்டு சுகர் மாத்திரையும் போட்டுட்டு போகணும், பல்லுக்காக பட்டினி கிடந்தா சுகர் கீழ போயி மயங்கிடுவார். ஈறுல சீழ் இருக்கற வரைக்கும் சுகரும் கட்டுக்குள்ள வராது, சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா ஈறும் ஆறாது, இதை சொன்னா அப்பா யோசிப்பார்னு நினைக்கறேன். எடுத்தப்புறம் பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல நல்லா கடிச்சுக்கணும், அன்னிக்கு முழுக்க எச்சி துப்பக்கூடாது, முழுங்கிடணும். துப்பித் துப்பித்தான் ரத்தக்கட்டி கலைஞ்சு மறுபடி ரத்தம் வருது, அதை பாத்துத்தான் நிக்கவே இல்லன்னு பயப்படறாங்க.

கேள்வி: பையனுக்கு 6 வயசு. ஸ்கூல் கேம்ப்ல ரெண்டு கடவாய்ப்பல் சொத்தைன்னு எழுதி குடுத்தாங்க. பல் டாக்டர்னு சொன்னாலே கட்டிலுக்கு அடியில போயிடறான். பால்பல்தானே, விழுந்துடும்னு மாமியார் சொல்றாங்க, விட்டுடலாமா? – ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: விடாதீங்கம்மா. முன்பல்தான் 6, 7 வயசுல விழும், கடவாய் பால்பல் விழ 10, 12 வயசாகும், இன்னும் நாலஞ்சு வருஷம் அதுலதான் அவன் மெல்லணும். இன்னொண்ணு, இந்த 6 வயசுலதான் எல்லா பால்பல்லுக்கும் பின்னாடி முதல் நிலைப்பல் சத்தமில்லாம முளைக்கும், அதுவும் பால்பல்னு நினைச்சு விட்டுட்டா அது போனா போனதுதான்.

பயத்துக்கு வருவோம். "சாப்புடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட சொல்லிடுவேன்"னு வீட்டுல யாராவது சொல்றாங்களான்னு கவனிங்க, பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு அத்தை எல்லாரையும் சேத்து. இன்னிலேர்ந்து அந்த பேச்சே வீட்டுல இருக்கக்கூடாது. அதே மாதிரி "வலிக்கவே வலிக்காது", "ஊசியே போட மாட்டாங்க"ன்னு பொய்யும் சொல்லாதீங்க, ஒரு தடவை பொய்யாயிட்டா அடுத்த தடவை உங்களையும் நம்ப மாட்டான். "டாக்டர் உன் பல்லை எண்ணி பாப்பாங்க" அது போதும். முதல் நாள் நெஜமாவே எண்ணத்தான் செய்யணும், குழந்தைங்க பல் டாக்டர் இருந்தா அவங்ககிட்ட போங்க, அவங்க ஒவ்வொரு கருவியையும் முதல்ல பேர் சொல்லி, கையில வெச்சு காட்டி, அப்புறம்தான் வாய்க்குள்ள கொண்டு போவாங்க. தண்ணி பீச்சறதை அவன் உள்ளங்கையில அடிச்சு காட்டினாலே பாதி குழந்தைங்க சிரிச்சுடும். சொத்தை நரம்பு வரைக்கும் போகலன்னா வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்தை தடவியே பரவாம நிறுத்த முடியும், மெஷினே வேணாம், சொத்தை இருந்த இடம் கருப்பாயிடும், அதை முன்னாடியே தெரிஞ்சுக்கங்க. உங்களுக்கே பல் டாக்டர்னா பயம்னா அன்னிக்கு அவனோட அப்பாவோ மாமாவோ கூட்டிட்டு போகட்டும், உங்க கை நடுங்கினா அவன் அதைத்தான் கவனிப்பான்.

கேள்வி: நான் காலேஜ் படிக்கறேன். ஊசியை பாத்தாலே கண்ணு இருட்டி மயங்கி விழுந்துடறேன், ரத்த டெஸ்ட்லயும் இப்படித்தான். ஞானப்பல் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. மூச்சை இழுத்து விட்டு ரிலாக்ஸ் பண்ண சொல்றாங்க, அது எனக்கு வேலைக்கே ஆகல. – மாணவர், தஞ்சாவூர்

பதில்: வேலைக்கு ஆகாது தம்பி, உங்க உடம்பு நடந்துக்கற விதமே வேற. மத்த பயத்துல பிரஷர் ஏறும், ஊசி ரத்தம் பாத்து மயங்கறவங்களுக்கு முதல்ல ஏறி உடனே சர்ருன்னு எறங்கிடும், அதனால ரிலாக்ஸ் பண்ணா இன்னும் சீக்கிரம் மயங்குவீங்க. நீங்க செய்ய வேண்டியது நேர் எதிர். கை, தொடை, வயிறு எல்லா தசையையும் ஒரு 15 செகண்ட் இறுக்குங்க, முகம் சூடாகற மாதிரி தெரியணும், அப்புறம் அரை நிமிஷம் சாதாரணமா இருங்க, முழுசா தொளதொளன்னு விட்டுடாதீங்க, இப்படி அஞ்சு தடவை. ஒரு வாரம் வீட்டுல தினமும் பழகுங்க, ஊசி போடறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுடுங்க. கையில ஊசி போடறதுன்னாதான் அந்த கையை தளர்த்தணும், பல்லுல போடறப்ப தாடையை மட்டும் இறுக்காம மத்ததை இறுக்கலாம். வெறும் வயித்தோட போகாதீங்க, சேரை முழுசா படுக்க வெச்சு போட சொல்லுங்க, மயக்கம் வர்ற பழக்கம் இருக்குன்னு உள்ள நுழைஞ்சதுமே சொல்லிடுங்க. எடுத்து முடிச்சதும் டக்குனு எழுந்திருக்காம கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்திரிங்க, வண்டியை நீங்க ஓட்டாதீங்க, கூட ஒரு ஃப்ரெண்டை கூட்டிட்டு போங்க.

கேள்வி: வாய்க்குள்ள எக்ஸ்ரே பிலிம் வெச்சாலே குமட்டுது, வாந்தி வந்து அசிங்கமாயிடுமோன்னுதான் என் பயமே. – வாசகி, சேலம்

பதில்: இதுக்கு டாக்டர் யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, தினமும் பாக்கறோம். நிமிந்து உக்காந்தபடி எடுக்க சொல்லுங்க, மூக்கு வழியா மட்டும் மூச்சு விடுங்க, பிலிம் வெக்கற நேரம் பாத்து ஒரு காலை தூக்கி கட்டை விரலை ஆட்டிக்கிட்டே இருங்க, கவனம் அங்க போயிடும். நாக்கு நுனியில ரெண்டு கல்லு உப்பு வெச்சாலும் சிலருக்கு அடங்குது. இல்லன்னா அண்ணத்துல மரத்துப்போற ஸ்ப்ரே அடிக்கலாம், அதுவும் முடியலன்னா வாய்க்கு வெளிய மெஷின் சுத்தி வந்து எடுக்கற ஓபிஜி எக்ஸ்ரே இருக்கு, அதுல நாக்குக்கு பின்னாடி எதையும் வெக்க மாட்டாங்க. வயிறு முட்ட சாப்புட்ட உடனே போகாம சாப்புட்டு ஒரு ரெண்டு மணி நேரம் விட்டு போங்க.